ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் ஒரு மாலை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாழைக்காய் பஜ்ஜியிலிருந்து. விடுதியில் எனக்கு மூத்தவராக இருந்த தங்கராசு அண்ணன், படிப்பு முடிந்து கீரப்பாளையம் பிளாக் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபின், சிதம்பரத்தில் ஒரு பெண் பார்க்கப் போனார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். என்மேல் பாசம் என்று நினைத்தேன். "நீ பக்கத்துல உக்காந்தா நான் கொஞ்சம் எடுப்பாத் தெரிவேன்டா" என்று பஸ்ஸிலேயே விளக்கிவிட்டார். பஜ்ஜி நிச்சயம் என்றதால் நான் மானத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் சுவரில் (சுவரில் அல்ல, அதைப் பிறகு சொல்கிறேன்) தொங்கிய போட்டோக்களைப் பார்த்தேன். கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன். என்னை அறிந்தவர்களுக்கு இவ்வளவே போதும், கதை வேண்டாம். அறியாதவர்களுக்காக மேலே எழுத வேண்டியிருக்கிறது.

எழுதிப் பார்த்த முதல் வாக்கியங்கள்:

"சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு." (எல்லா வீதிக்குப் பின்னாலும் சந்து உண்டு. அடித்தேன்.)

"தனம் அழுதாள்." (அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். அடித்தேன்.)

"வாழ்க்கையும் ஒரு புகைப்படம் போன்றதே, அதில் ஒளியும் நிழலும்" (கூச்சமாக இருந்தது. பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அடிக்காமல் விட்டிருப்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை.)

"வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொன்னார்.

"ஆணி அடிச்சா ஓட்டை விழும். ஓட்டை விழுந்தா பூச்சி வரும். பூச்சி வந்தா நீங்களே காலி பண்ணிக்கினு போயிடுவீங்க. எதுக்கு நமக்குள்ள மனஸ்தாபம்?"

தனத்தின் புருஷன் பஞ்சநாதன், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதுகிற உத்தியோகம். டிரைவர்கள் அவருக்குப் பயப்படுவார்கள். அவர் வீட்டுக்காரருக்குப் பயப்பட்டார். சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

வீடு என்றால் ஒரு அறை, அதை ஒட்டி ஒரு அடுக்களை. டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் மேலாக இருந்தது குடும்பம்: கண்ணாடி போட்டு, கறுப்புச் சட்டம் அடித்து. தனம் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில், சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். ரயில் வராத ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிற ஜனங்களைப் போல் இருந்தார்கள். அவளுக்கு மனசு ஆறவில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு?"

"ஆமாம்."

"உத்தரத்துல கயிறு கட்டக் கூடாதுன்னு சொன்னாரா?"

பஞ்சநாதன் யோசித்தார். "அது சொல்லலை."

"சொல்லலை இல்ல? அந்தப் பொட்டிய இப்படித் தள்ளுங்க."

பெட்டிமேல் ஏறி நின்று, கூரை தாங்கும் உத்தரத்தில் சரடு சரடாகக் கட்டி, ஒவ்வொரு படத்தையும் தொங்கவிட்டாள். சட்டம் படித்தவர்கள் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு செய்வதை, தனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செய்தாள். எதைச் செய்யாதே என்று சொன்னாலும் செய்யமாட்டாள். எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்ப்பாள்.

வாசலுக்கு நேரே மாமனார், சந்தன மாலையோடு; காலமாகிவிட்டவர். நடுவில் அவளும் பஞ்சநாதனும் கல்யாணக் கோலத்தில். அதற்கடுத்து பஞ்சநாதன் தனியாக, புது பஸ் ஒன்றின் முகப்பில் சாய்ந்துகொண்டு, அது தன்னுடையது என்பதுபோல. சின்ன மகள் பொன்னியின் பள்ளிக்கூடக் குரூப் போட்டோ. அடுக்களை வாசலருகில், கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடக்கிய நாத்தனார் மங்கம்மா. அடுப்புப் புகை அங்கேதான் போகும். தற்செயல் என்றுதான் தனம் சொல்வாள்.

தெருவில் லாரி போனால் குடும்பம் மொத்தமும் ஆடி, சுவரில் டொக் டொக்கென்று இடிக்கும். வீட்டுக்காரர் ஒருநாள் வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். ஓட்டை இல்லை. போய்விட்டார்.

(வயதில் மூத்த அம்மாளை "அவள், இவள்" என்று எழுதுவது கதைக்காரர்களிடம் இருக்கிற கெட்ட பழக்கம். நேரில் நான் "அம்மா" என்றுதான் கூப்பிட்டேன். இன்னும் ரெண்டு பஜ்ஜி கேட்கும்போது.)

3

மூத்த மகள் ராஜாமணி கடலூரில் டீச்சர் டிரெயினிங் படிக்கப் போனாள். படிப்பை முடித்தாள். கூடவே, ஓ.டி. என்கிற கடலூர் பழைய பட்டணத்தில் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா தேவசகாயத்தை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் வேறு சாதி, வேறு மதம். பஞ்சநாதன் ஒரு நாள் பூராவும் விசில் ஊதவில்லை. பஸ்கள் இஷ்டத்துக்குப் போயின. மறுநாள் வீட்டில் சொன்னார்:

"அந்தப் பையன் பேரு இந்த வீட்டுல வரக் கூடாது. அந்தப் பொண்ணும் இந்த வாசப்படி ஏறக் கூடாது."

தனம் சரி என்றாள். பேர் வரவில்லை. மகளும் வரவில்லை. ஆனால் தாய் போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

டைம் கீப்பரின் மனைவி ஊருக்குத் தெரியாமல் பஸ் ஏற முடியாது. கண்டக்டர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள், சாயங்காலம் அவரிடம் போய்ச் சொல்வார்கள். தனம் ரயிலில் போனாள். ரயில் பஞ்சநாதனின் விசிலுக்குக் கட்டுப்பட்டதல்ல. திரும்பி வரும்போது மடியில் ஒரு போட்டோ இருந்தது. திருப்பாப்புலியூர் ஸ்டூடியோவில் எடுத்தது: ராஜாமணி நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டூடியோக்காரர் கொடுத்த டெலிபோனைக் காதில் வைத்திருக்கிறாள். ஒயர் எங்கும் போகவில்லை. பின்னால் தேவசகாயம், நாற்காலி முதுகில் கை வைத்து, டெலிபோனில் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல் நிற்கிறார்.

சட்டம் போடுகிற கடையில் கேட்டார்கள்: "ஆம்பளைய வெட்டிடவாம்மா?"

"வெட்டாதீங்க. பின்னால மடிச்சி வைங்க. வேணுங்கறப்ப பிரிச்சிக்கலாம்."

மருமகன் அட்டைக்குப் பின்னால் மடிந்தார். நாற்காலி முதுகில் நாலு விரல் மட்டும் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. தனம் உத்தரத்தில் இன்னொரு சரடு கட்டினாள்.

"என்னடி இது?"

"பேருதானே வரக் கூடாதுன்னீங்க. போட்டோவுக்கு ஏது பேரு?"

"அந்தக் கை யாருது?"

"ஸ்டூடியோக்காரன் கையா இருக்கும்."

அன்றிலிருந்து பஞ்சநாதன் காலையில் வேலைக்குப் போகும்போது அந்தப் படத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போவார். மத்தியானம் சாப்பிட வந்தால் மகள் டெலிபோனில் பேசிக்கொண்டிருப்பாள்.

"காத்து திருப்பிச்சி" என்பாள் தனம்.

மறுநாளும் திருப்புவார். மறுநாளும் காற்றடிக்கும். ரெண்டு வருஷமாக அந்த வீட்டில் இந்த ஒரு படத்துக்கு மட்டும் தனியாகக் காற்றடித்தது. ரெண்டு பேரும் அதைப் பற்றிச் சண்டை போட்டதே இல்லை என்பதை நான் மரியாதையோடு குறிப்பிட விரும்புகிறேன்.

4

பொன்னிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு இடம் வந்தது. வந்தவர்கள் எங்கே பார்ப்பார்கள்? பெண் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். அதை நேராகப் பார்த்தால் மரியாதையில்லை. அண்ணாந்து போட்டோவைப் பார்ப்பார்கள். "இது யாரு?" என்பார்கள். தனம் "மூத்த பொண்ணு" என்பாள். "எங்க குடுத்திருக்கீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். தெரிந்ததும் காப்பி டம்ளர் பாதியில் தரைக்கு இறங்கும். முதலில் வந்தவர்கள் இரண்டு நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்தவர்கள் அங்கேயே எழுந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக நாங்கள். தங்கராசு அண்ணனின் அப்பா தாண்டவராயன், காட்டுமன்னார்கோயில் பக்கம் நிலபுலம் உள்ளவர். பஞ்சநாதனுக்கு இந்த இடத்தை விட மனசில்லை. அவரை வில்லனாக எழுத எனக்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மனுஷர் அன்று எங்களை இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கெஞ்சிய குரல் காதில் நிற்கிறது. சின்ன மகளும் இப்படியே நின்றுவிடுவாளோ என்று பயந்த ஆள், அவ்வளவுதான்.

"அந்தப் போட்டோவ எடுத்துடு தனம். ஒரு நாளைக்கு."

"மாட்டேங்க."

"பொன்னி கழுத்துல தாலி ஏறணுமா, வேணாமா?"

"ஏறணும். அதுக்கு ராஜாமணிய ஏன் இறக்கணும்?"

குறிஞ்சிப்பாடியிலிருந்து முதல் நாளே வந்துவிட்ட மங்கம்மா, வெற்றிலையை மென்றபடி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தீர்ப்பு சொன்னாள்.

"எடுக்கவும் வேணாம், திருப்பவும் வேணாம் தம்பி. ஒரு சந்தன மாலையப் போட்டு, நெத்தியில பொட்டு வச்சி உட்டுடு."

வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவளே மேலும் சொன்னாள்.

"வர்றவங்க பாப்பாங்க. த்சொ த்சொன்னுவாங்க. அடுத்த போட்டோவுக்குப் போயிடுவாங்க. எங்க குடுத்த, யாருக்குக் குடுத்தன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சாவப் பத்தி யாரு வாயத் தொறப்பா?"

"பூ மாலையாப் போட்டா?" பஞ்சநாதன் கேட்டார். கேட்டபோதே பாதி சம்மதம்.

"பூவுன்னா புதுச் சாவு. சந்தனம்னா ஆறிப்போன சாவு. நாம ஒரு பொய்யும் சொல்ல வேணாம். மாலையே சொல்லிக்கும்."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தனம் கையை நிறுத்தினாள். "அண்ணி, அது உயிரோட இருக்குது."

"இருக்கட்டுமே! நல்லாத்தான் இருக்கட்டும். நான் இருக்க வேணாம்னா சொன்னேன்? ஒரு சாயங்காலத்துக்குத்தானேடி."

(கிண்டல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் மங்கம்மாவுக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். வாயே திறக்காமல் சொல்லக்கூடிய பொய் நம் வீடுகளில் இது ஒன்றுதான்.)

பஞ்சநாதன் சன்னதித் தெருவில் மாலை வாங்கி வந்தார். பெட்டிமேல் அவரே ஏறினார். மாலை போட வேண்டுமென்றால் படம் முகம் காட்டி நிற்க வேண்டும். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு மாலை போட முடியாது. ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அந்த முகத்தை நேரே பார்த்தார். அப்போது அவர் மனசில்

(இந்த வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலிலும் நான்தான் இருந்தேன், அவர் இல்லை. விட்டுவிட்டேன்.)

மாலையின் ஒரு பக்கத்தை இழுத்து, நாற்காலி முதுகில் இருந்த நாலு விரலையும் மறைத்துவிட்டு இறங்கினார். மங்கம்மா பொட்டு வைத்தாள்.

"இந்தக் கலியாணம் மட்டும் ஆயிடட்டும் தனம். நானே எடுத்துடறேன்" என்றார் பஞ்சநாதன்.

தனம் சேர்த்து வைத்திருந்த ரேஷன் சர்க்கரையைக் கேசரிக்கு அளக்கப் போனாள்.

5

இந்த இடத்தில் கதையை முடிப்பதற்கு வசதியான கதவுகள் உண்டு. திறந்து காட்டுகிறேன்.

(அ) கயிறு அறுந்து படம் கீழே விழுகிறது. கண்ணாடி உடைகிறது, மடித்து வைத்த மருமகன் பிரிந்து எழுந்து நிற்கிறார். எல்லோரும் திருந்துகிறார்கள். (கயிறு தனம் கட்டியது. அறுகாது.)

(ஆ) வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் ராஜாமணியே வந்து நிற்கிறாள். (வரக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார், அவளும் அந்த அப்பாவின் பிடிவாதம் உள்ள பெண். வரமாட்டாள். தவிரவும் மூன்று மாத வாந்தி.*)

* இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தனத்துக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மாலை மாட்டிய அன்று அடுக்களையில் அவள் கை ஏன் அவ்வளவு மெதுவாகச் சர்க்கரை அளந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த அடிக்குறிப்பு.

6

மறுநாள் பஞ்சநாதனும் மங்கம்மாவும் விருந்தாளிகளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். வீட்டில் தனமும் பொன்னியும்.

இனி வருவதை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் கீரப்பாளையம் தாண்டி பஸ்ஸில், தங்கராசு அண்ணனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஆகவே இது ஊகம். இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடத்தான் முயன்றேன். ஆனால் சின்ன மகளைக் கேட்காமல் தனம் இதைச் செய்திருந்தால், பெரிய மகளுக்காகச் சின்ன மகளைப் பணயம் வைத்தவள் ஆகிவிடுவாள். நான் பார்த்த தனம் அப்படிப்பட்டவள் இல்லை. எனவே கேட்டிருக்கிறாள்.

தலைக்கு வைக்க வாங்கிய கதம்பமும் மல்லிகையும் வாழை இலையில் இருந்தன. தனம் பெட்டிமேல் ஏறி, சந்தன மாலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எடுத்துடேன்மா" என்றாள் பொன்னி.

"நான் போடலையே. போட்டவர் எடுக்கணும். நான் எடுத்தா நாளைக்கி மறுபடியும் போடுவாரு."

பெட்டிமேல் நின்றபடியே வாழை இலையில் இருந்த பூவைப் பார்த்தாள்.

"பொன்னி, மாலை போட்டா செத்தவங்கன்னுதானே உங்க அத்தை சொன்னா?"

"ஆமாம்."

"மத்தவங்களுக்குப் போடக் கூடாதுன்னு சொன்னாளா?"

பொன்னிக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதடி. இந்த எடமும் போயிடும். போனா ஊரு பேசும். உனக்கு வேணாம்னா சொல்லு, இப்பிடியே உட்டுடறேன். உன் கலியாணம் இது."

பொன்னி அண்ணாந்து அக்காவைப் பார்த்தாள். பிறகு தன் குரூப் போட்டோவைக் கையால் நிறுத்திப் பிடித்தாள்.

"மொதல்ல எனக்குப் போடு."

"இதுல உங்க டீச்சரம்மாவும் இருக்காங்கடி."

"இருக்கட்டும். அல்ஜீப்ராவுல எனக்குப் போட்ட மார்க்குக்கு இது கம்மி."

டீச்சரம்மா உட்பட ஒரு வகுப்பே மாலை ஏற்றுக்கொண்டது. பிறகு மங்கம்மா. பிறகு பஸ்ஸில் சாய்ந்த பஞ்சநாதன். கல்யாணப் படத்துக்கு வந்ததும் தனத்தின் கை நின்றது.

"இதுல ஏற்கெனவே மாலையோடதானம்மா இருக்கீங்க."

"அது உள்ளாற. இது வெளியில."

தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உதடு எதையோ முணுமுணுத்தது. விதிகளில் ஓட்டை கண்டுபிடிக்கிறவளுக்கு, சுமங்கலிக்கு ஆகாத இந்த ஒன்றில் ஓட்டை இல்லை என்று தெரியும். தெரிந்தேதான் கட்டினாள். மகளுக்குப் போட்டது பொய்யென்றால் இதுவும் பொய். புருஷனுக்கு ஆகாதென்றால் மகளுக்கும் ஆகாது. அந்தக் கணக்கில் அவள் தன்னையும் விட்டுவைக்கவில்லை.

7

விடுதியில் என் அறைத்தோழன் ஜமாலுதீன், பரங்கிப்பேட்டைக்காரன். இதுவரை எழுதியதைப் படித்துவிட்டுக் காகிதத்தைப் போட்டான்.

"மச்சான், இது நடக்காது. எந்தப் பொம்பளை புருசன் உசிரோட இருக்கறப்ப அவர் போட்டோவுக்கு மாலை போடுவா?"

"நான் கண்ணால பாத்தேன்டா."

"நீ கண்ணால பாத்தா வாசகன் நம்பணும்னு சட்டமா?"

"அப்ப என்ன பண்ணலாம்?"

"அந்தம்மாவைக் கொஞ்சம் அழ வையி. நம்பிடுவான்."

"அழலைடா."

ஜமால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எங்க வூட்டுல இந்தத் தொல்லையே இல்ல. தொழுவுற வூடுன்னு போட்டோவே மாட்ட மாட்டோம். வாப்பா சிங்கப்பூர்லேருந்து அனுப்புன போட்டோ பூரா அலமாரிக்குள்ள. உம்மா எப்பவாச்சும் எடுத்துத் தொடச்சிட்டு உள்ள வச்சிடுவாங்க." பிறகு காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "சரி, மேல சொல்லு. நம்புனா நம்பறேன்."

8

பஞ்சநாதன் முன்னால் வந்து, எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, "வாங்க, வாங்க, இலை போட்டாச்சு, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று உள்ளே கூட்டிப் போனார். ஆகவே எங்களுக்குப் பிறகுதான் அறை அவர் கண்ணில் பட்டது.

முதலில் பார்த்தது தாண்டவராயன். பஸ் படத்தின் கீழே நின்று, பூமாலையை மெச்சுதலோடு பார்த்தார்.

"ஆயுத பூஜைக்குப் போட்டதுங்களா?"

பஞ்சநாதன் திரும்பினார். ஒரு மனுஷன் தன் மாலை போட்ட படத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு அதைப் பார்ப்பது எல்லோருக்கும் வாய்க்காது. விசில் ஊதப் போகிறவர்போல் உதடு குவிந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் பின்னாலிருந்து வந்தது.

"ஐயையோ! அடியே தனம்! எனக்குமாடி?"

மங்கம்மா அடுக்களை வாசலில் தன் படத்தைப் பார்த்துவிட்டாள். தனம் எங்களைப் பார்த்துக் கைகூப்பி, "உக்காருங்க" என்றாள், ஒன்றுமே நடக்காததுபோல். உட்கார்ந்தோம். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. பொன்னி வந்து உட்கார்ந்தாள். தங்கராசு அண்ணனின் அம்மா செல்லாயி பெண்ணை உற்றுப் பார்த்தார்.

"தலையில பூவு கம்மியா இருக்குதே."

"எல்லாம் மேல போயிடுச்சிங்க" என்றாள் தனம்.

எல்லோரும் மேலே பார்த்தோம். பார்க்க வைக்கத்தான் அவள் சொன்னாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தாண்டவராயனின் கண் ராஜாமணியிடம் வந்து நின்றது. மங்கம்மாவின் கணக்கில் ஒரு தப்பு இருந்தது: காட்டுமன்னார்கோயில்காரர்கள் கேட்டுவிடுவார்கள்.

"இந்தப் பொண்ணு யாரும்மா?"

"எங்க மூத்த பொண்ணுங்க."

"அடப் பாவமே. சின்ன வயசு. எப்போ..."

"ஏங்க, சும்மா இருங்க" என்றார் செல்லாயி.

"கேக்கட்டுங்க" என்றாள் தனம். "மாலை போட்டிருக்கறதால கேக்கறீங்க. இதோ, இவருக்கும்தான் போட்டிருக்குது. இவரு எப்பிடி இருக்காரோ, அப்பிடித்தான் அதுவும் இருக்குது. கடலூர் ஓ.டி.யில."

எல்லோரும் பஞ்சநாதனைப் பார்த்தோம். உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக அவர் செருமினார். நான் பஜ்ஜியைக் கீழே வைத்தது அப்போதுதான்.

தாண்டவராயன் எழுந்து படத்தருகே போனார். லாரி ஏதோ போயிற்று. படம் லேசாக ஆடி, சந்தன மாலை நகர்ந்தது.

"அந்தக் கை யாருதும்மா?"

தனம் புருஷனைப் பார்த்தாள். இந்த முறை ஓட்டை எதையும் தேடவில்லை.

"எங்க மூத்த மருமவன். தேவசகாயம்னு பேரு. துறைமுக ஆபீசுல இருக்காரு. மீதி ஆளு பின்னால மடிஞ்சி இருக்காரு."

பேர் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. பஞ்சநாதன் தரையையே பார்த்தார். பொன்னி தலையை நிமிர்த்தி, யார் என்ன நினைத்தாலும் சரியென்று, நேராகத் தங்கராசு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எதற்கு வந்தேனோ அந்த வேலையைச் செய்தேன்: பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

செல்லாயி எழுந்தார். கனத்த உடம்பு, முழங்காலில் கையூன்றி எழுந்தார். "சுமங்கலி நீ. என்ன காரியம்டியம்மா இது" என்று சொல்லிக்கொண்டே கல்யாணப் படத்துப் பூவை எடுத்தார். பஸ் படத்துப் பூவை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுதலை. மங்கம்மாவின் படத்தை எட்டித் தொட்டபோது மங்கம்மா மூக்கை உறிஞ்சினாள். மாமனார் படத்தை யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

கடைசியாக ராஜாமணியிடம் வந்தார். கையைத் தூக்கினார். சந்தனத்தைத் தொட்டதும் நிறுத்திவிட்டார். இது பூவில்லை, வேறொருவர் போட்டது என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. தனத்தைக் கேட்கவில்லை. திரும்பி பஞ்சநாதனைக் கேட்டார்:

"இதையும் எடுத்துடலாங்களா?"

9

பஞ்சநாதன் பதில் சொன்னார். நான் கேட்டேன். எழுதப் போவதில்லை.

ஜமால் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று. "டேய், என்னதான்டா சொன்னாரு? எடுத்துடுங்கன்னு சொல்ல வையேன். அந்தம்மா அந்தப் பூவ எடுத்துப் பொன்னி தலையில வைக்கட்டும். முடிஞ்சிது." ஏற்கெனவே கேசரியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது என்று சொல்லி மறுத்துவிட்டேன். "அப்ப வேணாம்னு சொல்ல வையி" என்றான். அதையும் எழுதிப் பார்த்தேன். நாலு வரியில் பேனா நின்றுவிட்டது.

எந்தப் பதிலை எழுதினாலும் தனம் செய்தது அதற்கு ஏற்றபடி சரியாகவோ தப்பாகவோ ஆகிவிடுகிறது. அவள் பெட்டிமேல் ஏறியபோது இந்தப் பதில் அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் கட்டினாள். நாமும் தெரியாமலே அவளுக்கு ஒரு கும்பிடு போட்டால் என்ன?

ஆனால் ஒன்று. பூவாக இருந்தால் சாயங்காலத்துக்குள் தானே வாடி உதிர்ந்திருக்கும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சந்தன மாலை அப்படியில்லை. வருஷக்கணக்கில் இருக்கும். யாராவது சரியென்று சொன்னால்தான் இறங்கும்.

பஞ்சநாதன் உட்கார்ந்திருந்த இடத்தை உங்களுக்குக் காலி செய்து வைத்திருக்கிறேன். பாயில் உட்காருங்கள். எதிரே பொன்னி, பக்கத்தில் சம்பந்தம் பேச வந்தவர்கள், அடுக்களை வாசலில் தனம். செல்லாயி அம்மாள் இன்னும் கையைத் தூக்கியபடிதான் நிற்கிறார். வயசான கை, வலிக்கும். சீக்கிரம் சொல்லுங்கள்.